5,700 கோடி ஆண்டுக்கு ஒரு நொடி பிசகும் கடிகாரம்: சரியாக ஓடுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஊசல்:

அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் 2025 ஜூலையில் அறிவித்த அலுமினிய அயனிக் கடிகாரத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரே கேள்வி மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பிழை 5.5 × 10⁻¹⁹ என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடி பிசக ஏறத்தாழ 5,700 கோடி ஆண்டு ஆக வேண்டும், பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். சரி, உலகத்திலேயே துல்லியமான கடிகாரம் இதுதான் என்றால், இது ஒழுங்காக ஓடுகிறதா என்று எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? இதைவிட நல்ல கடிகாரம் ஒன்று கையில் இருந்தால்தானே இதன் பிழையைச் சொல்ல முடியும்?

இன்னொன்று, இவ்வளவு துல்லியம் யாருக்குத் தேவை? ஜிபிஎஸ்ஸுக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடாமல் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

அலைநீளம்:

முதல் கேள்விதான் அடிப்படையானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அணுக்கடிகாரம் எதுவானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான். ஒரு கருவி அலையை உண்டாக்குகிறது, பழைய கடிகாரங்களில் அது நுண்ணலை, புதியவற்றில் லேசர் ஒளி. அந்த அலையின் அதிர்வெண் அணு ஏற்றுக்கொள்ளும் அதிர்வெண்ணோடு பொருந்துகிறதா என்று அணுவிடமே திரும்பத் திரும்பக் கேட்டு, கொஞ்சம் விலகினாலும் இழுத்துப் பிடித்துத் திருத்துகிறார்கள். அப்புறம் அந்த அலைகளை எண்ண வேண்டியதுதான். 1955-இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் எஸ்ஸனும் பாரியும் இயக்கிய முதல் சீசியம் கடிகாரமும் இதைத்தான் செய்தது. 1967-இல் நொடிக்கு இலக்கணமே அதை வைத்து எழுதினார்கள்: சீசியம்-133 அணுவின் அடிநிலையில் மிக நெருங்கி இருக்கும் இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையே தாவும்போது எழும் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிர ஆகும் நேரம் ஒரு நொடி. பூமியின் இயக்கத்திலிருந்து நொடியை முழுமையாக விடுவித்தது அந்த முடிவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிழை என்று அவர்கள் சொல்லும் எண், வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு வந்த வித்தியாசம் இல்லை. அசையாமல், எந்தப் புலமும் வெப்பமும் தீண்டாமல் தனித்து இருக்கும் அலுமினிய அயனிக்கு ஓர் அதிர்வெண் உண்டு, அதை இயற்கை எப்போதோ தீர்மானித்துவிட்டது. ஆய்வகத்தில் உள்ள அயனிக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைக்காது. காந்தப்புலம் அதை நகர்த்துகிறது, சுவரிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சு நகர்த்துகிறது, அதை மின்புலத்தால் சிறைபிடித்து வைத்திருக்கும் பொறியில் அது நடுங்கும் நடுக்கம் நகர்த்துகிறது, மீதி இருக்கும் வாயு மூலக்கூறு ஒன்று வந்து மோதினாலும் நகர்கிறது. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்த்துகிறது, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று தனித்தனியாக அளந்து பட்டியல் போடுகிறார்கள். திருத்தங்கள் எல்லாம் போட்ட பிறகு மிஞ்சும் சந்தேகங்களின் மொத்தம்தான் 5.5 × 10⁻¹⁹. "எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு மேல் நம்மை ஏமாற்ற முடியாது" என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

அந்தக் கடிகாரத்தில் அவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் இது இன்னும் புரியும். பழைய வெற்றிட அறை எஃகினால் ஆனது. எஃகுச் சுவருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் மெல்ல மெல்லக் கசிந்து வந்து அயனியை மோதிக்கொண்டே இருந்தது, சில சமயம் அரை மணிக்கு ஒரு முறை புது அயனியை ஏற்ற வேண்டியிருந்தது. அறையை டைட்டானியத்தில் புதிதாகச் செய்தார்கள், ஹைட்ரஜன் 150 மடங்கு குறைந்தது, இப்போது நாள்கணக்கில் அதே அயனியோடு ஓடுகிறது. பொறியை இன்னும் தடிமனான வைரத் தகட்டில் அமைத்து, மின்முனைகளின் தங்கப் பூச்சையும் மாற்றியமைத்து, தேவையற்ற நடுக்கத்தை அடக்கினார்கள். 20 ஆண்டுகளாக ஒரே கருவியை இப்படித் திருத்தித் திருத்தி வந்த எண் அது. எனக்கு அந்த எண்ணைவிட அந்தப் பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

வடதுருவம்:

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் "எங்களுக்குத் தெரிந்த காரணங்கள்" என்ற இடத்தில்தான் எனக்குச் சிக்கல். தெரியாத காரணம் ஒன்று இருந்தால்? பட்டியலில் இல்லாத ஒன்று 10⁻¹⁷ அளவுக்குக் கடிகாரத்தை நகர்த்திக்கொண்டிருந்தால் பட்டியல் அதைக் காட்டாதே.

அலைநீளம்:

காட்டாது, அதனால்தான் ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வேறு அணு, வேறு பொறி, வேறு குழு என்று எல்லாமே மாறுபட்ட இரண்டு கடிகாரங்களை எடுத்து, அவற்றின் அதிர்வெண்களின் விகிதத்தை அளப்பார்கள். விகிதத்துக்கு அலகு இல்லை, சீசியம் நொடியின் தயவும் தேவையில்லை. நிஸ்ட் இருக்கும் போல்டர் நகரில் அலுமினியம், ஸ்ட்ரான்சியம், இட்டெர்பியம் மூன்றையும் இப்படி ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள், 10⁻¹⁷-க்கும் குறைவான பிழையோடு. ஒளியிழை வழியாகவும் அனுப்பினார்கள், 1.5 கிலோமீட்டர் திறந்த வெளியில் லேசர் கற்றையாகவும் அனுப்பினார்கள், இரண்டும் ஒத்துப்போயின.

வேறொரு நாட்டில் வேறொரு குழு அதே இரண்டு அணுக்களை வைத்து அளந்து அதே விகிதம் வந்தால் நம்பிக்கை கூடும். வராவிட்டால் எங்கோ ஒருவர் பட்டியலில் ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது. இந்தத் துறையில் இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது.

நுண்துகள்:

அயனிக் கடிகாரம் பற்றி மட்டுமே பேச்சு போகிறது, ஸ்ட்ரான்சியம் பக்கமும் கொஞ்சம் வரட்டும். 2024-இல் போல்டரின் ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யே குழு 8.1 × 10⁻¹⁹ தொட்டது அதில்தான்.

ஒற்றை அயனியில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது "தாவினேன்" அல்லது "தாவவில்லை" என்று ஒரே ஒரு பதில்தான் சொல்லும். குவாண்டம் இயற்பியலின்படி அந்தப் பதிலில் எப்போதும் ஒரு தற்செயல் இருக்கும். சராசரி தெளிய வேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ட்ரான்சியத்தில் ஆயிரக்கணக்கான அணுக்களிடம் ஒரே நேரத்தில் கேட்கலாம், அதனால் பதில் சீக்கிரம் தெளிகிறது.

ஆனால் அத்தனை அணுக்களை அசையாமல் பிடித்து வைக்க லேசர் ஒளியாலேயே ஒரு பின்னல் போட வேண்டும். பிடித்து வைக்கும் அந்த ஒளியே அணுவின் ஆற்றல் மட்டங்களை நகர்த்திவிடும், அப்படியானால் கடிகாரம் கெட்டது. ஜப்பானின் ஹிதெதோஷி கதோரி 2001-இல் சொன்ன வழி எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஒளியின் அலைநீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், மேல் மட்டமும் கீழ் மட்டமும் ஒரே அளவு நகரும், இடைவெளி மாறாது. ஸ்ட்ரான்சியத்துக்கு அது 813 நானோமீட்டர். அணுவைக் கையில் பிடித்தும் தொடாதது போல வைத்திருக்கும் வித்தை.

இப்படி ஒரு கருவி ஓடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். மேசை முழுக்கக் கண்ணாடிகள், நடுவில் கைக்குள் அடங்கும் வெற்றிட அறை, அதன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஒரு நீலப் புள்ளி கண்ணுக்கே தெரியும். 461 நானோமீட்டர் ஒளியில் குளிர்ந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரான்சியம் மேகம் அது. அடுப்பில் சில நூறு டிகிரியில் ஆவியாகி வந்த அணுக்கள் அந்த நீல ஒளியில் முதலில் வேகம் குறைந்து, அப்புறம் 689 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் தனிச்சுழிக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு, ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் சில பங்கு மேலே என்கிற அளவுக்குக் குளிர்ந்து, ஒளிப்பின்னலில் உட்காருகின்றன. நீலப் புள்ளி சட்டென்று அணைந்துவிடும், அதன் பிறகுதான் 698 நானோமீட்டர் கடிகார லேசர் வந்து தன் கேள்வியைக் கேட்கும். முடிந்ததும் மறுபடியும் நீலப் புள்ளி. நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் அது பற்றி அணைவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஊசல்:

நன்றி, அந்த நீலப் புள்ளியைப் படிக்கும்போதே பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. சீசியமும் அணுதான், ஸ்ட்ரான்சியமும் அணுதான். நுண்ணலையை விட்டு ஒளிக்குப் போனதால் மட்டும் ஏன் இவ்வளவு முன்னேற்றம்?

சீசியம்133:

அளவுகோலில் சென்டிமீட்டர் கோடு மட்டும் இருந்தால் எவ்வளவு கண் கூர்மை இருந்தாலும் ஓரளவுக்குத்தான் அளக்கலாம், மில்லிமீட்டர் கோடு இருந்தால் அதே கண்ணால் இன்னும் நுணுக்கமாக அளக்கலாம். சீசியம் நொடிக்கு 919 கோடி முறை, ஸ்ட்ரான்சியம் நொடிக்கு 429 லட்சம் கோடி முறை, அலுமினியம் 1,121 லட்சம் கோடி முறை. சீசியத்தைவிட ஸ்ட்ரான்சியத்தில் கோடுகள் 46,000 மடங்குக்கும் மேல் நெருக்கம்.

இது ரொம்ப நாளாகவே எல்லோருக்கும் தெரியும். எண்ணத்தான் வழி இல்லை, அந்த வேகத்தை எண்ணும் மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. 1990-களின் கடைசியில் வந்த அதிர்வெண் சீப்புதான் கதவைத் திறந்தது. மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைச் சீரான இடைவெளியில் விட்டால் அதன் நிறமாலையில் சமதூரத்தில் லட்சக்கணக்கான கோடுகள் வரும். ஒளியின் அதிர்வெண்ணை அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டு நுண்ணலை அளவுக்கு இறக்கி எண்ணிவிடலாம். ஹென்ஷுக்கும் ஹாலுக்கும் 2005 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். முன்பெல்லாம் இதே வேலைக்கு அறை நிறைய லேசர்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டியிருந்தது.

சீசியத்தையும் குறைத்துப் பேச வேண்டாம். லேசரால் குளிர்வித்த சீசியம் அணுக்களை ஒரு பந்து போல மேலே எறிந்து, ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் நுண்ணலை அறை வழியே போகவிடும் நீரூற்றுக் கடிகாரங்கள்தான் இன்றைக்கும் நொடியைத் தூக்கி நிறுத்துகின்றன. 2025-இல் நிஸ்ட் வெளியிட்ட எஃப்4 நீரூற்றின் பிழை 2.2 × 10⁻¹⁶. அங்கே அணு மேலே போய்த் திரும்ப ஒரு நொடிக்குள்தான் ஆகிறது, ஈர்ப்பு அதற்கு மேல் விடாது, இந்த வழியில் இன்னும் ஆயிரம் மடங்கு முன்னேற இடமில்லை.

நுண்துகள்:

எண்ணுவதோடு லேசரும் சேர வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். அணு எவ்வளவு கூர்மையாகப் பதில் சொன்னாலும் கேட்கிற லேசர் நடுங்கினால் பயனில்லை. இதற்காக 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் சிலிக்கன் படிகத்தில் குழிவு செய்து, இரண்டு முனையிலும் கண்ணாடி வைத்து, 124 கெல்வினில் நிறுத்துகிறார்கள். அந்த வெப்பநிலையில் சிலிக்கன் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை, அந்தக் கண்ணாடிகளோடு பூட்டிய லேசரின் நடுக்கமும் அடங்கும். ஜெர்மனியின் அளவியல் நிறுவனமான பிடிபியும் ஜிலாவும் சேர்ந்து கட்டியது. அலுமினியக் கடிகாரம் இந்த முறை எகிறியதில் பாதி இதனால்தான்: ஜுன் யே ஆய்வகத்தின் லேசரை 3.6 கிலோமீட்டர் ஒளியிழையில் கொண்டுவந்தார்கள், அயனியை ஒரே மூச்சில் 150 மில்லிநொடி கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு நொடியாக நீட்ட முடிந்தது. மூன்று வாரம் சராசரி எடுத்தால் வரும் துல்லியம் ஒன்றரை நாளில் வருகிறது.

ஊசல்:

சரி. இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. யாருக்குத் தேவை?

அலைநீளம்:

ஜிபிஎஸ்ஸுக்கு 10⁻¹⁸ தேவையில்லை, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு நானோநொடி என்றால் ஒளி 30 சென்டிமீட்டர் போகும், அந்த அளவில்தான் செயற்கைக்கோள் வழிகாட்டல் ஓடுகிறது. அங்கேயே சார்பியல் வந்துவிடுகிறது என்பது உண்மை. மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தக் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி வேகமாகவும், அதன் ஓட்டத்தால் 7 மைக்ரோநொடி மெதுவாகவும், மொத்தத்தில் 38 மைக்ரோநொடி முந்துகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் வரைபடத்தில் புள்ளி கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போகும். ஆனால் இதற்கு 1970-களின் கடிகாரங்களே போதுமானவையாக இருந்தன.

10⁻¹⁸-இல் நடப்பது வேறு. பூமியின் பரப்பில் ஒரு மீட்டர் உயர்த்தினால் கடிகாரம் 1.1 × 10⁻¹⁶ வேகமாகும். ஒரு சென்டிமீட்டருக்கு 1.1 × 10⁻¹⁸. கணக்கைப் பாருங்கள், புது அலுமினியக் கடிகாரத்துக்கு அரை சென்டிமீட்டர் உயர வித்தியாசம் தெரியும். 2010-இல் இதே நிஸ்ட்டில் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி வேகம் மாறுவதைக் காட்டினார்கள். கதோரி குழு இரண்டு ஸ்ட்ரான்சியம் கடிகாரங்களைத் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கி, டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியில் ஒன்றும் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றும் வைத்தது, 2020-இல் முடிவு வந்தது. மேலே இருந்த கடிகாரம் கீழே இருந்ததைவிட நொடிக்கு 21 அதிர்வு கூடுதல், நாளுக்கு 4 நானோநொடிக்குச் சற்று மேல் முந்துகிறது. ஆய்வக மேசையை விட்டு வெளியே, ஆட்கள் வந்து போகும் ஒரு கோபுரத்தில் பொதுச் சார்பியலை அளந்தார்கள். 2022-இல் ஜிலா குழு ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரே அணு மேகத்துக்குள்ளேயே மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நேரம் வேறாக ஓடுவதைப் பார்த்துவிட்டது.

ஆகவே பயன் என்று கேட்டால் என் பதில் உயரம். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கடிகாரம், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒளியிழை. இரண்டின் விகிதம் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். எரிமலைக்கு அடியில் நிறை நகர்வது, நிலத்தடி நீர் குறைவது, கடல்மட்டத்தை நாடுகளுக்கு இடையே ஒரே கோட்டில் கொண்டுவருவது, எல்லாமே இதே அளவீட்டின் கிளைகள்தான்.

வடதுருவம்:

இதைத்தான் நான் பிரச்சினை என்கிறேன். நிலவும் சூரியனும் இழுப்பதால் நாம் நிற்கும் பாறையே நாளுக்கு இரண்டு முறை 30 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அப்படியானால் 10⁻¹⁷ அளவில் ஒவ்வொரு ஆய்வகத்தின் நொடியும் ஏறி இறங்குகிறது. உங்கள் நொடியா என் நொடியா என்று வந்தால் யாருடையது நொடி? கடிகாரத்தை இன்னும் நல்லதாக்க ஆக்க, எல்லோருக்கும் பொதுவான நேரம் என்ற ஒன்று கையைவிட்டுப் போகிறதே.

சீசியம்133:

பொது நேரத்துக்கு ஓர் ஈர்ப்பு நிலையைக் குறித்து வைத்திருக்கிறார்கள், சுருக்கமாகச் சொன்னால் சராசரிக் கடல்மட்டம். ஒவ்வொரு ஆய்வகமும் தன் கடிகாரம் அந்த நிலைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்குத் திருத்தம் சொல்கிறது. பாறையின் ஏற்ற இறக்கத்துக்கும் கணக்கு உண்டு. நீங்கள் சொல்வதில் உண்மை எங்கே என்றால், அந்தத் திருத்தத்தின் தரம் கடிகாரத்தின் தரத்தைவிடப் பின்தங்கிவிட்டது. கண்டங்களுக்கு இடையே உயரத்தைச் சில சென்டிமீட்டருக்குள் உறுதியாகச் சொல்வது இன்னும் கடினம். 10⁻¹⁸ கடிகாரம் இரண்டு கண்டத்தில் இரண்டு இருந்தாலும் பொது நொடியாக அவற்றை இணைக்கும்போது உயரம்தான் எல்லை போடும்.

உலக நேரம் என்பதே ஒரு கணக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் இருக்கும் எடைகள் அளவைகளுக்கான பன்னாட்டு நிறுவனத்துக்கு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கடிகாரங்களின் தரவு போகிறது. அங்கே நம்பகமான கடிகாரத்துக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுத்து, "போன மாதம் உங்கள் கடிகாரம் இத்தனை நானோநொடி தள்ளி இருந்தது" என்று மாதம் ஒரு முறை எல்லோருக்கும் சொல்வார்கள். இதுதான் உலக நேரம் என்று காட்டும் ஒரு முகப்பு எங்கேயும் கிடையாது.

நுண்துகள்:

இணைப்பதும் சுலபமில்லை. செயற்கைக்கோள் வழியே அனுப்பினால் 10⁻¹⁸ வராது, வளிமண்டலமும் கருவிகளும் கெடுத்துவிடும். ஐரோப்பாவில் பாரிஸையும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கையும் 1,415 கிலோமீட்டர் ஒளியிழையால் இணைத்தார்கள். இழை வெப்பத்தில் நீளும், லாரி போனால் அதிரும், அதனால் ஒளியைத் திருப்பி அனுப்பி அந்த நடுக்கத்தை அளந்து அப்போதைக்கப்போதே அழிக்கிறார்கள். கடலைத் தாண்ட இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் இடையே வெகு தொலைவில் உள்ள குவேசார்கள் எனும் பிரகாசமான விண்மீன்மண்டல மையங்களின் ரேடியோ அலைகளைப் பிடித்து இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 8,900 கிலோமீட்டர் இடைவெளி. 2025 ஏப்ரலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஏசெஸ் என்ற கருவி போயிருக்கிறது, குளிர்ந்த சீசியம் கடிகாரமும், ஹைட்ரஜன் அணுவின் நுண்ணலையில் ஓடும் மேசர் கடிகாரமும் உள்ளே. தரையில் உள்ள கடிகாரங்களைக் கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிடுவதும் அதன் வேலைகளில் ஒன்று.

2025 ஜூனில் ஆறு நாடுகளின் 10 ஒளியியல் கடிகாரங்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்ட முடிவு வெளியானது, 38 விகிதங்கள். சில ஒத்துப்போகவில்லை. எனக்கு அதுதான் பிடித்த பகுதி, ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். வடதுருவம் மேலே கேட்ட "தெரியாத காரணம்" மாட்டுவது அங்கேதான்.

ஊசல்:

அப்படியானால் சீசியத்தை விட்டுவிட்டு நொடிக்குப் புது இலக்கணம் எழுதிவிடலாமே, எதற்குக் காத்திருக்கிறார்கள்? இடையில் லீப் நொடி என்று வேறு ஏதோ படித்தேன், அதுவும் இதுவும் ஒன்றா?

சீசியம்133:

லீப் நொடி தனிக் கதை. பூமி சீராகச் சுற்றாததால் கடிகாரத்தை அதோடு ஒட்ட வைக்க 1972 முதல் 27 முறை சேர்த்தார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31. 2035-க்குள் அந்த வழக்கத்தை நிறுத்திவிடுவதாக 2022-இல் முடிவாயிற்று. நொடியின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புது இலக்கணத்துக்கு, அளவைகளை முடிவு செய்யும் பன்னாட்டுப் பொது மாநாடு 2030-இல் கூடுவதைக் குறி வைத்திருக்கிறார்கள். எந்த அணு என்பதில்தான் இழுபறி. ஒரே அணுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒரு பக்கம். பல அணுக்களின் அதிர்வெண்களை எடையிட்டுச் சேர்த்து ஒரு சராசரியை நொடியாக வைக்கலாம், நாளைக்கு நல்ல கடிகாரம் வந்தால் எடையை மாற்றினால் போதும் என்பது இன்னொரு பக்கம். நான் முதல் பக்கம். நொடி என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு ஓர் அணுவைக் காட்ட முடிய வேண்டும், எடைகள் நிறைந்த ஓர் அட்டவணையைக் காட்டக் கூடாது.

அலைநீளம்:

நான் இரண்டாவது பக்கம், மாணவனுக்கு விளக்குவது ஆசிரியரின் வேலை, இலக்கணத்தின் வேலை நீண்ட நாள் நிற்பது. இன்றைக்கு ஸ்ட்ரான்சியம் என்று எழுதிவிட்டால் 15 ஆண்டில் மறுபடியும் மாற்ற வேண்டி வரலாம். ஸ்ட்ரான்சியம் ஆய்வகங்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காக அது சிறந்த அணு ஆகிவிடாது. அறை வெப்பத்தின் கதிர்வீச்சு ஸ்ட்ரான்சியத்தை 5 × 10⁻¹⁵ அளவுக்கு நகர்த்துகிறது, அலுமினியத்தை மிக மிகக் குறைவாகவே நகர்த்துகிறது. ஆனால் அலுமினியத்தை நேராகக் குளிர்விக்கவோ படிக்கவோ முடியாது, பக்கத்தில் ஒரு மக்னீசியம் அயனியைத் துணைக்கு வைத்து அதன் வழியேதான் எல்லாம். ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருக்கும்போது ஒன்றின் மேல் மட்டும் ஏன் பந்தயம் கட்ட வேண்டும்?

வடதுருவம்:

நான் மூன்றாவது பக்கம், கொஞ்சம் காத்திருங்கள் என்பேன். தோரியம்-229 வந்துகொண்டிருக்கிறது. எலக்ட்ரானை விட்டுவிட்டு அணுக்கருவையே கடிகாரமாக்குகிறார்கள். அணுக்கரு எலக்ட்ரான் மேகத்துக்குள் மறைந்து கிடப்பதால் வெளிப்புலம் அதை அவ்வளவாகத் தீண்டாது. வழக்கமாக அணுக்கருவைத் தாவ வைக்கக் காமா கதிர் வேண்டும், இந்த ஒன்றுக்கு மட்டும் சுமார் 8.4 எலக்ட்ரான் வோல்ட் போதும், லேசருக்கு எட்டும் தூரம். 2003-இல் பைக்கும் டாமும் இதைக் கடிகாரமாக்கலாம் என்று எழுதினார்கள். அந்த 8.4-ஐச் சரியாகக் கண்டுபிடிக்கவே 20 ஆண்டு ஆயிற்று. 2024-இல் வியன்னாவும் பிடிபியும் சேர்ந்து லேசரால் முதல் முறை தாவ வைத்தன, அதே ஆண்டு ஜிலா அதிர்வெண் சீப்பை வைத்து ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு நேராக ஒப்பிட்டது. நொடிக்கு ஏறத்தாழ 2,020 லட்சம் கோடி அதிர்வு, கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும். முன்பு தெரிந்ததைவிட ஒரே பாய்ச்சலில் லட்சக்கணக்கான மடங்கு துல்லியம். வெற்றிட அறையில் அணுவைப் பிடித்து வைக்க வேண்டாம், கால்சியம் ஃப்ளோரைடு படிகத்துக்குள் கோடானுகோடி தோரியம் அணுக்கருக்கள் உட்கார்ந்திருக்கும், அதை மேசையில் வைத்து ஒளியைப் பாய்ச்சினால் போதும்.

நுண்துகள்:

தோரியத்தில் எனக்கும் ஆர்வம் உண்டு, ஆனால் அதற்காக இலக்கணத்தை நிறுத்தி வைக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. படிகம் வசதிதான், அதே படிகம் வெப்பநிலை மாறினால் அணுக்கருவைச் சுற்றியுள்ள மின்புலத்தையும் மாற்றுகிறது. ஜிலாவில் தோரியத்தின் பல நிறமாலைக் கோடுகளை அளந்து பார்த்ததில் மிகவும் அமைதியான கோடு கூட 150 கெல்வினிலிருந்து அறை வெப்பம் வரை 60 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்ந்தது. எண் சிறியதாகத் தெரியலாம், மொத்த அதிர்வெண்ணில் அது 3 × 10⁻¹¹. 10⁻¹⁸ வேண்டுமென்றால் படிகத்தின் வெப்பநிலையை எந்த அளவுக்குக் கட்டிப்போட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றை தோரியம் அயனியைப் பொறியில் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அப்போது படிகத்தின் வசதியும் இல்லை. போதாக்குறைக்கு 148 நானோமீட்டர் ஒளி காற்றில் போகாது, வெற்றிடத்தில்தான் போகும், அந்த அலைநீளத்தில் குறுகிய கோடு உள்ள லேசர் செய்வதே பெரிய வேலை.

தோரியத்தின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அணுக்கருவுக்குள் மின்விசையும் வலுவிசையும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிஞ்சியதுதான் அந்த 8.4. அடிப்படை மாறிலிகளில் ஏதாவது கொஞ்சம் நகர்ந்தாலும் தோரியத்தில் அது ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கணிக்கிறார்கள். ஸ்ட்ரான்சியத்தையும் தோரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு விகிதம் ஆண்டுக்கணக்கில் நகர்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை. அதற்கு தோரியம் நொடியின் இலக்கணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஊசல்:

கடைசியாக ஒன்று. இலக்கணம் மாறினால் நாம் பயன்படுத்தும் நொடி நீளுமா, குறையுமா? ஏற்கெனவே இருக்கும் கருவிகள் என்ன ஆகும்?

சீசியம்133:

நீளாது, குறையாது. புது எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பழைய நொடியோடு பொருந்தும்படிதான், சீசியத்தால் அளக்க முடிகிற கடைசி இலக்கம் வரை. 1967-இல் 9,19,26,31,770 என்ற எண்ணையும் அப்படித்தான் எடுத்தார்கள், அதற்கு முந்தைய வானியல் நொடியோடு ஒட்டும்படி. மாறுவது, இனி எந்த அணுவின் எண்ணுக்குப் பிழையே கிடையாது என்பது மட்டும். சீசியத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் 1967-க்குப் பிறகு முதல் முறையாக ஒரு பிழை அளவு எழுதப்படும், அவ்வளவுதான்.

கருவிகளும் அப்படியே ஓடும். ஒளியியல் கடிகாரங்கள் இன்னும் இடைவிடாமல் மாதக்கணக்கில் ஓடப் பழகவில்லை, லேசர் ஒன்று தன் அதிர்வெண்ணை விட்டு நழுவிப் போனால் ஆள் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் இடையில் ஹைட்ரஜன் மேசர்களும் சீசியம் பெட்டிகளும்தான் நேரத்தைச் சுமக்கும், ஒளியியல் கடிகாரம் அவ்வப்போது வந்து அவற்றைத் திருத்திவிட்டுப் போகும். செயற்கைக்கோள்களில் ரூபிடியமும் சீசியமும் மேசரும் இன்னும் பல ஆண்டு இருக்கும்.